ஏழு நிமிட நோயாளி

கோலப்பனுக்கு அழுவதற்கென்று தனியாக ஒரு காரணம் வேண்டியதில்லை. கடைக்கு வந்தவர் குத்துவிளக்கைத் தூக்கிப் பார்த்து, விலையைக் கேட்டு, உதட்டைப் பிதுக்கித் திரும்ப வைத்தால் போதும். வலது கை நெஞ்சுக்குப் போகும். கீழுதடு துடிக்கும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

"இதுக்கும் கொறச்சுக் கேட்டா எனக்கு ராத்திரி உறக்கம் வராது, பாத்துக்கிடுங்க."

சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கண்ணிலும் நீர் திரண்டு நிற்கும். விழாது, நிற்கும். அதைக் கண்டபிறகு குத்துவிளக்கை வாங்காமல் போனவர்கள் அந்த மலையாள நகரத்தின் சாலைக் கடைத்தெருவில் குறைவு. இருபத்திரண்டு வருடமாக அவர் அந்தப் பாத்திரக் கடையில் விற்பனையாளர். முதலாளி கோமதிநாயகம் திருநெல்வேலிக்காரர், கோலப்பன் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்: "கல்லாவை நான் பாத்துக்கிடுதேன்டே. கண்ணீரை நீ பாத்துக்கோ."

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கண்ணாடி போட்ட அம்மாள் ஒருவர் உருளி வாங்க வந்தார். பேரம் முற்றியது. கோலப்பன் நெஞ்சில் கை வைத்து, உறக்கம் வராது என்ற இடத்துக்கு வந்தார். அந்த அம்மாள் உருளியைக் கீழே வைத்துவிட்டு, அவர் முகத்தையே பார்த்தார்.

"எத்தனை நாளா தூக்கம் இல்லே?"

கோலப்பனுக்குப் புரியவில்லை. "அம்மா, இந்த உருளி..."

"உருளி இருக்கட்டும். பசி எப்படி? முன்னே பிடிச்ச காரியத்துலே எல்லாம் இப்பவும் இஷ்டம் உண்டா? உயிரோட இருக்கறதே வேண்டாம்னு எப்பவாவது தோணித்தா?"

கல்லாவில் கோமதிநாயகத்தின் கையிலிருந்த கணிப்பான் கீழே விழுந்தது. கோலப்பன் தோள் துண்டை எடுத்து ஒரே இழுப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நல்லா உறங்குவேம்மா. எட்டு மணி நேரம். இது யாவாரத்துக்கு."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கவிழ்த்து வைத்திருந்த ஓர் அண்டாவின்மேல் உட்கார்ந்து சிரித்து முடிக்க வேண்டியதாயிற்று. அவர் பெயர் திவ்யலட்சுமி. கரமனை அக்ரகாரத்தில் வீடு. நகரத்துக்கு வெளியே ஒரு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பேராசிரியர். "இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். என்னையே ஏமாத்திட்டேளே" என்றார்.

உருளியோடு அவர் இன்னொன்றையும் பேசி முடித்துக்கொண்டு போனார். மாணவர்களுக்குப் பரீட்சை வருகிறது. நோயாளியிடம் பேசத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். உண்மையான நோயாளியை உட்காரவைத்து நாற்பது பேரிடமும் தன் சங்கடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது பாவம். அதனால் நோயாளியாக நடிக்க ஆள் வைப்பது வழக்கம். அதிலும் ஒரு சிக்கல். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமிருந்து வருகிற நோயாளிகள் நிறைய. அவர்களுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். மாணவப் பிள்ளைகளுக்கோ மலையாளமும் ஆங்கிலமும்தான். ஆகவே மலையாளமே தெரியாதவர்போல நடிக்கத் தெரிந்த ஒரு தமிழ் நோயாளி வேண்டும்.

கோலப்பன் ஒன்றுதான் கேட்டார். "மேடை உண்டா?"

"மேடை இல்லே. ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி."

"சனம்?"

"ஒரு ஸ்டூடண்ட். ஸ்கிரீனுக்குப் பின்னாடி ஒரு எக்ஸாமினர். ஏழு நிமிஷம். மணி அடிச்சா அடுத்த ஸ்டூடண்ட்."

ஒரு நாளைக்கு நாற்பது காட்சி. பள்ளிக்கூட நாடகத்தில் பல்லக்குத் தூக்கியாக, அதுவும் பின்பக்கத்துத் தூக்கியாக, வசனமில்லாமல் ஒருமுறை நடந்துபோன மனிதருக்கு இது போதாதா?

கதாபாத்திரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். பெயர் தாணுலிங்கம். வயது ஐம்பத்திரண்டு. தேங்காய் வியாபாரி. மூன்று மாதமாக உறக்கமில்லை, பசியில்லை, எதிலும் பிடிப்பில்லை, தன்னால் யாருக்கும் பிரயோசனம் இல்லை என்ற நினைப்பு. கோலப்பன் வீட்டுக்குக் கொண்டுபோய் அதை வளர்த்தார். முதல் ஒத்திகையில் தாணுலிங்கத்துக்கு ஒரு காளை செத்தது, தம்பி துரோகம் செய்தான், தென்னந்தோப்பில் இடி விழுந்தது. திவ்யலட்சுமி கையைக் காட்டி நிறுத்தினார்.

"கோலப்பன், காளை வேண்டாம்."

"காளை சாகாம எப்படிம்மா இத்தற சங்கடம் வரும்?"

"அதுதான் இந்த வியாதி. காளை சாகாமலேயும் வரும். எல்லாம் இருக்கும், ஆனா மனசு மட்டும் எழுந்திருக்காது."

கோலப்பனுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அடுத்த உத்தரவுதான் அவரை நிலைகுலைய வைத்தது. அழவும் கூடாதாம். "நிறைய பேர் அழறதே இல்லே. சாதாரணமா சிரிச்சுண்டுகூட இருப்பா" என்றார் டாக்டரம்மா. அழாமல் சங்கடத்தைக் காட்டுவதா? யானையிடம் தும்பிக்கையைக் கழற்றி வைத்துவிட்டு வா என்பதுபோல இருந்தது அவருக்கு. இருந்தாலும் கல்லூரியின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். பரீட்சை முடியும்வரை தாணுலிங்கத்தின் நோய் என்ன என்பதை எவரிடமும் சொல்லக் கூடாது என்பதும் அந்தக் காகிதத்தில் இருந்தது.

வீட்டில் மனைவி பகவதி சும்மா விடவில்லை.

"இஞ்ச பாருங்க, வாரத்துக்கு ரெண்டு மட்டம் ஆசுபத்திரிக்குப் போறிய. என்னத்துக்காக்கும்?"

"சொல்லக் கூடாது."

"எந்த டாக்டரு?"

"மனசு டாக்டரு. ஆனா நான் நோயாளி இல்ல கேட்டியா. நோயாளியாட்டு..."

"நோயாளியாட்டு?"

"அதுக்கு மேல சொல்லக் கூடாது."

பகவதி அவரை மேலும் கீழும் பார்த்தாள். அன்றைக்கு அவருக்கு மட்டும் இரண்டு உளுந்தவடை கூடுதலாகச் சுட்டாள்.

இது வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கடைத்தெருவில் நூலும் ஊசியும் விற்கிற பொன்செல்வி, மாமியாருக்குக் கண் காட்ட அதே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். மனநலப் பிரிவின் வாசலில் பெஞ்சில் தலையைத் தொங்கப்போட்டு, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு ஒருவர் இருப்பதைக் கண்டாள். அது கோலப்பன் வசனம் பாடம் செய்துகொண்டிருந்த நேரம். பொன்செல்வி ஏறிய பஸ், சாலைக்குப் பக்கத்திலிருக்கும் கிழக்கேகோட்டை நிறுத்தத்துக்கு வருவதற்கு முன்பே செய்தி சாலைக்கு வந்துவிட்டது.

மறுநாள் காலை கோலப்பன் கடைக்குள் நுழைந்தபோது ஏதோ மாறியிருந்தது. இடதுபக்கத்து அலமாரி காலி. அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, காய்வெட்டும் கத்தி எல்லாம் பரணுக்குப் போயிருந்தன. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அவருக்கென்று ஒரு நாற்காலி, மின்விசிறிக்கு நேர்கீழே.

"இரிடே" என்றார் கோமதிநாயகம், பூனைக்குட்டியிடம் பேசுவதுபோல. "நிக்காதே. நின்னா ஆயாசம்."

அரிவாள்மனை கேட்டு ஒரு பெண் வந்தாள். கோமதிநாயகம் அவளைப் பார்த்துக் கண்ணை உருட்டி, கோலப்பன் பக்கம் தலையை அசைத்து, "ஸ்டாக் இல்ல" என்றார். அன்றிலிருந்து அந்தக் கடையில் கூர்மையான பொருள் எதுவும் விற்பனைக்கு இல்லை. எதிர்க் கடைக்காரர் இளநீர் கொண்டுவந்தார். துணிக்கடைத் தையல்காரர் அவரிடம் ஒவ்வொரு சொல்லாக, உரக்க, காது கேளாதவரிடம் சொல்வதுபோல, "சாப்... பிட்... டாச்சா?" என்று கேட்டார். பொன்செல்வி தன் பங்குக்கு மந்திரித்த கறுப்புக்கயிறு ஒன்றை அவர் கையில் கட்டிவிட்டு, காசு வேண்டாம் என்றாள்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கோலப்பன் சொன்னார். "அண்ணாச்சி, எனக்கு ஒண்ணும் இல்ல. நான் நடிக்கப் போறேன்."

"ஆமாடே" என்றார் கோமதிநாயகம், கண் கலங்க. "இந்த லோகத்துல எல்லாரும் நடிக்கத்தான செய்யுதோம்."

ஆஸ்பத்திரியில் பயிற்சி நாட்கள் வேறு விதமாகப் போயின. மலையாளப் பிள்ளைகள் டாக்டரம்மா சொன்னபடி தமிழில் கேட்கப் பாடுபட்டார்கள். சொல் கிடைக்காத இடத்தில் மலையாளச் சொல்லையே எடுத்து வைத்தார்கள். ஸ்ரீஜித் என்றொரு உயரமான மாணவன். மலையாளத்தில் மனவருத்தத்துக்கு விஷமம் என்று பெயர். அவன் அதையே நம்பினான்.

"அங்கிள், உங்களுக்கு விஷமம் உண்டா?"

கோலப்பனுக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் தாணுலிங்கத்துக்குத் தெரியாதே. "சின்ன வயசுல இருந்துது மக்களே. அடுத்த வீட்டு மாமரத்துல ஏறுவேன். இப்பம் இல்ல."

ஸ்ரீஜித் தாளில் 'விஷமம் இல்லை' என்று குறித்துக்கொண்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போனான்.

அவனுக்குப் பின்னால் ஷில்பா. நோயாளிக்குப் பேச்சு குறைந்திருக்கிறதா என்று அறிய வேண்டும். மலையாளத்தில் பேச்சுக்குச் சம்சாரம் என்பார்கள்.

"அங்கிள், மூணு மாசமா சம்சாரம் குறைஞ்சு போச்சா?"

தாணுலிங்கம் நிதானமாக யோசித்தார். "ஒண்ணுதானம்மா இருந்துது. அது அப்படியே இருக்கு. கொறயவும் இல்ல, கூடவும் இல்ல."

திரைக்குப் பின்னாலிருந்து டாக்டரம்மாவின் இருமல் கேட்டது. அன்று மாலை அவர் பிள்ளைகளைக் கூட்டி ஒரு மணி நேரம் தமிழ் வகுப்பு எடுத்தார். கோலப்பனுக்கும் ஓர் அறிவுரை கிடைத்தது. பசியே இல்லாத மனிதர் கேண்டீனில் நான்காவது பழம்பொரியை, அதாவது வாழைப்பழ பஜ்ஜியை, தின்பதை மாணவர்கள் பார்த்துவிட்டார்களாம். இனிமேல் கேண்டீனுக்குப் பின்பக்கம் நின்று தின்ன வேண்டும்.

பரீட்சை நாள் வந்தது. நீளமான ஒரு கூடத்தில் மறைப்பு வைத்துப் பிரித்துப் பன்னிரண்டு மேஜை. ஒவ்வொன்றிலும் ஒரு சோதனை. ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்க, பிள்ளைகள் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு ஓட வேண்டும். ஐந்தாவது மேஜை கோலப்பனுடையது. ஆஸ்பத்திரியின் நீலச் சட்டை கொடுத்திருந்தார்கள். மார்பில் 'தாணுலிங்கம்' என்று அட்டை. திரைக்குப் பின்னால் வேறு ஊர்க் கல்லூரியிலிருந்து வந்த வயதான தேர்வாளர். அவருக்குத் தமிழ் தெரியாது. மாணவர்களின் தோரணையைப் பார்த்து மதிப்பெண் போடுவதாகச் சொல்லிவிட்டார்.

கோலப்பன் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார். தாணுலிங்கத்தைவிட எல்லாரும் மோசமாக இருந்தார்கள். ஒருவன் வந்து காலி நாற்காலிக்கு வணக்கம் சொன்னான். இன்னொருத்தி உட்கார்ந்து பேனாவைத் திறந்து, மூடியைக் கடித்து, பின்பக்கத்தால் எழுதினாள். நான்காவது மேஜையில் கர்ப்பிணிப் பெண்ணாக ஒருத்தி நடித்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து ஓடிவந்த ஒரு பெண் மூச்சு வாங்க, போன மேஜையின் கேள்வியையே இங்கும் கேட்டுவிட்டாள்.

"உங்களுக்குக் கடைசியா மாதவிலக்கு எப்போ வந்தது?"

நல்ல நடிகன் எதற்கும் தடுமாறக் கூடாது. தாணுலிங்கம் பெருமூச்சு விட்டார். "மூணு மாசமா அதுலயும் ஒரு பிடிப்பு இல்லம்மா."

பதினேழாவதாக வந்தவள் ஜெஸி. சின்ன உருவம். தலையை நன்றாக வாரி, வெள்ளைக் கோட்டைத் தேய்த்துப் போட்டிருந்தாள். உட்கார்ந்து, சிரித்து, "வணக்கம் அங்கிள், நான் ஜெஸி. பாறசாலைக்காரியாக்கும். நீங்க தமிழ்லயே பேசுங்க, எனக்கு வீட்டுல தமிழ்தான்" என்றாள். காலையிலிருந்து முதல்முறையாகக் கோலப்பனுக்குக் காதில் தேன் விழுந்தது.

"உறக்கம் எப்படி அங்கிள்?"

"படுத்தா உடனே வராது. வந்தாலும் மூணு மணிக்கு முழிச்சுக்கிடுவேன். பின்ன உத்தரத்தப் பாத்துக்கிட்டுக் கிடப்பேன்."

ஜெஸி எழுதிக்கொண்டே சொன்னாள். "எனக்கு ரெண்டரைக்கே முழிப்பு வரும்."

கோலப்பன் லேசாகத் துணுக்குற்றார். பேச்சுக் கொடுக்கிற உத்தியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"பசிக்குமா?"

"சோறப் பாத்தாலே மதியாகும், போதும்னு ஆயிரும். ஒரு நேரம் தின்னா உண்டு."

"ஒரு நேரமாவது தின்னுதியளே" என்றாள் ஜெஸி. "நான் நேத்து ரெண்டு பிஸ்கட்டு."

இது என்ன, போட்டியா? கோலப்பனுக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. தன் மேஜையில் தன்னைவிடப் பெரிய நோயாளியாக இன்னொருத்தி வந்து உட்கார்ந்தால் எந்த நடிகனுக்குத்தான் பொறுக்கும்? குரலை இன்னும் இறக்கினார்.

"என்னால ஒருத்தருக்கும் உபயோகம் இல்ல மக்களே. வீட்டுக்குப் பாரமாட்டுத்தான் இருக்கேன்."

ஜெஸி எழுதுவதை நிறுத்தினாள். "அப்பா வாழைத்தோப்ப ஒத்திக்கு வச்சாக்கும் எனக்குச் சீட்டு வாங்குனாரு" என்றாள், மேஜையைப் பார்த்தபடி. "நான் புக்க திறந்தா எழுத்து எழுத்தாத்தான் தெரியுது. வார்த்தையா சேர மாட்டேங்குது."

அப்போது கோலப்பன் அவள் மூக்கைப் பார்த்தார். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவும் இல்லை, ஒழுகுவது அவளுக்குத் தெரியவும் இல்லை. கண்ணீர் எத்தனை வேண்டுமானாலும் வரவழைக்கலாம், மூக்கை மட்டும் வரவழைக்க முடியாது. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ முறை முயன்று தோற்றவர் அவர்.

தாளில் இன்னும் ஒரு கேள்வி பாக்கி. அதை மாணவிதான் கேட்க வேண்டும். அவள் கேட்கவில்லை. தாணுலிங்கத்தை நாற்காலியிலேயே விட்டுவிட்டுக் கோலப்பன் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"மக்களே, சாவலாம்னு தோணுதா உனக்கு?"

ஜெஸி நிமிர்ந்தாள். "காலையில எழும்பாம போயிட்டா நல்லதுன்னு தோணும். தினமும் தோணும்."

மணி அடித்தது. ஜெஸி முகத்தைத் துடைத்தாள், சிரித்தாள், "தேங்க்ஸ் அங்கிள்" என்று சொல்லிவிட்டு ஆறாவது மேஜைக்குப் போய்விட்டாள். திரைக்குப் பின்னால் தேர்வாளர் 'நோயாளியோடு ஒட்டுதல்' என்ற கட்டத்தில் முழு மதிப்பெண் போட்டார்.

பதினெட்டாவது மாணவன் வந்து உட்கார்ந்து "உறக்கம் எப்படி?" என்றான். கோலப்பன் எழுந்துவிட்டார்.

"டாக்டரம்மா எங்க?"

"அங்கிள், நீங்க அந்தக் கேள்விக்கு..."

கோலப்பன் ஓடத் தொடங்கியிருந்தார். ஐம்பத்து மூன்று வயது, நீலச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி. தேர்வாளர் திரையை விலக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து கத்தினார்: "பேஷண்ட் போகுந்நு! பேஷண்டினெ பிடிக்கு!"

அவர் சொல்ல வந்தது, பரீட்சை நடக்கும்போது நோயாளி இடத்தைவிட்டுப் போகக் கூடாது என்பது. வராந்தாவின் முனையில் நின்ற காவலர் ஷைஜுவுக்குக் கேட்டது, நோயாளி தப்பியோடுகிறான் என்பது மட்டும்தான். அவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றான்.

"எங்கோட்டா சேட்டா?"

"விடு மக்களே, நான் நோயாளி இல்ல!"

"எல்லாரும் இதுதன்னெ பறயும்" என்று, எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்பதை ஷைஜு அன்போடு சொல்லி, அவரை இடுப்போடு தூக்கிக்கொண்டான்.

இரண்டாம் நிமிடம் கோலப்பன் மனநல வார்டில், நர்ஸ் சுமியின் முன்னால் இருந்தார். சுமி பொறுமைசாலி. மார்பு அட்டையைப் படித்துவிட்டு, மென்மையாகக் கேட்டாள்.

"தாணுலிங்கம் அங்கிள், என்ன ஆச்சு?"

"நான் தாணுலிங்கம் இல்லம்மா. கோலப்பன்."

சுமி குறிப்பேட்டைத் திறந்தாள். "சரி. எத்தனை நாளா உங்களைக் கோலப்பன்னு நினைக்கிறீங்க?"

"அம்பத்தி மூணு வருசமா!"

அவள் அதை எழுதினாள். கோலப்பன் சாலையைச் சொன்னார், பாத்திரக் கடையைச் சொன்னார், உருளியைச் சொன்னார், தான் நடிகன் என்றார். சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டே போனாள். எழுதுகிற வேகத்தைப் பார்த்தால் தன்னை மாலைவரை விடமாட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. அந்தப் பிள்ளை இப்போது எந்த மேஜையில் நிற்கிறதோ? கூடத்தை விட்டுப் போய்விட்டால்? கோலப்பன் அழுதார். நெஞ்சில் கை வைக்கவில்லை, உதட்டைத் துடிக்க வைக்கவில்லை. வந்தது, அழுதார். மூக்கும் ஒழுகிற்று.

சுமி பேனாவை வைத்துவிட்டு டாக்டரம்மாவுக்கு போன் செய்தாள்.

திவ்யலட்சுமி வந்து கதவைத் திறந்ததும் கோலப்பன் ஒரே மூச்சில் சொன்னார். "டாக்டரம்மா, பதினேழாம் நம்பர் பிள்ளை. அது நடிக்கல்ல. உறங்கல்ல, திங்கல்ல, எழும்பாம போனா நல்லதுன்னு தினமும் தோணுதாம். நான் கேட்டேன். கேக்கக் கூடாதுதான். கேட்டுட்டேன்."

டாக்டரம்மா திரும்பக் கேட்கவில்லை. வந்த வேகத்திலேயே திரும்பிப் போனார்.

ஜெஸி அப்போது ஒன்பதாவது மேஜையில் ஒரு ரப்பர் குழந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். சரியாக எண்ணினாள். சரியாக எழுதினாள். பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. மணி அடிக்கும்வரை டாக்டரம்மா அவள் பின்னால் நின்றிருந்து, அடித்ததும் தோளில் கை வைத்து, "வா கண்ணு, பரீட்சை பிறகு எழுதலாம்" என்றார். ஜெஸி ஏன் என்று கேட்கவில்லை. ரப்பர் குழந்தையை மேஜையில் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டுக் கூடவே போனாள்.

மத்தியானம் டாக்டரம்மாவின் அறைக்குக் கோலப்பனைக் கூப்பிட்டார்கள். அவரைப் பார்க்க வேண்டும் என்று ஜெஸிதான் கேட்டாளாம். கையில் டீயோடு உட்கார்ந்திருந்தாள், கண் வீங்கியிருந்தது.

"என்னைப் போட்டுக் கொடுத்துட்டியளே அங்கிள்."

"கொடுத்துட்டேன் மக்களே. கோவம் இருந்தா திட்டிக்கோ."

"கோவம் இல்ல. இனி எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாப்பாங்க. மனசு சரியில்லாதவன்னு சொல்லுவாங்க."

கோலப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "என்னைச் சாலை முழுக்க அப்படித்தான் சொல்லுது. ஒரு மாசமாச்சு. கடையில உள்ள கத்தியெல்லாம் பரணுல ஏத்தியாச்சு. ஒருத்தன் என்கிட்ட எழுத்துக்கூட்டித்தான் பேசுவான். பொன்செல்வி கறுப்புக்கயிறு கட்டிவிட்டா, பாரு." கையை நீட்டினார். "ஆனா இருபத்திரண்டு வருசமா கிடைக்காத நாற்காலி கிடைச்சுது. ஃபேனுக்குக் கீழ."

ஜெஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயிலிருந்த டீ வெள்ளைக் கோட்டில் சிந்தியது. துடைக்கத் துடைக்க இன்னும் சிரித்தாள்.

அன்று பிற்பகலில் அவளுடைய அப்பா தங்கையன் பாறசாலையிலிருந்து வந்தார். ஒரு கையில் செந்துளுவன் வாழைக்குலை, மற்ற கையில் கோபம்.

"எம்பிள்ளைக்கு என்ன கொறை? டாக்டருக்குப் படிக்கியவளுக்கு எப்படி சீக்கு வரும்?"

"பல் டாக்டருக்குப் பல்வலி வராதா?" என்றார் திவ்யலட்சுமி.

தங்கையன் குலையைக் கீழே வைத்து யோசித்தார். அவருடைய ஊர்ப் பல் டாக்டர் போன மாதம் கன்னம் வீங்கித்தான் இருந்தார். "வரும்" என்றார். பிறகு மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு பழத்தைப் பிய்த்து உரித்து அவளிடம் நீட்டினார். "தோப்பு போனா போட்டும் பிள்ளே. அதுக்குப் பிறவு வேற வாழை வைப்பேன்." ஜெஸி பாதிப் பழம் தின்றாள். இரண்டு நாளில் அவள் தின்றதில் அதுதான் பெரிய சாப்பாடு.

நான்கு மாதம் விடுப்பு எடுத்தாள். மாத்திரை சாப்பிட்டாள், வாரம் ஒருமுறை வந்து பேசினாள். ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை, இரண்டாம் மாதம் ஒருதரம் மறுபடியும் தளர்ந்து, மாத்திரையை மாற்றினார்கள். ஆனால் ஒருநாள் கோலப்பனுக்கு போன் செய்து, "அங்கிள், இன்னைக்கு ஏழு மணி வரை உறங்கிட்டேன். அம்மா தண்ணி தெளிச்சாக்கும் எழுப்புனா" என்று புகார் சொன்னாள். அடுத்த குழுவோடு பரீட்சை எழுதித் தேறினாள்.

கோலப்பனுக்குக் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முதல் பத்தியில், பரீட்சை நேரத்தில் இடத்தைவிட்டு ஓடியதற்குக் கண்டிப்பு. நாலைந்து மாணவர்களுக்கு அந்த மேஜையை மறுபடி நடத்த வேண்டியதாயிற்று. இரண்டாம் பத்தியில் நன்றி. கோலப்பன் முதல் பத்தியைப் பின்பக்கமாக மடித்து, இரண்டாவதை மட்டும் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டினார். அடுத்த பரீட்சையிலிருந்து ஒவ்வொரு மேஜையிலும் ஒரு சிவப்பு அட்டை வைத்தார்கள். மாணவரைப் பார்த்து நோயாளிக்குக் கவலை வந்தால் அட்டையைத் தூக்கலாம், ஓட வேண்டாம்.

பரீட்சை முடிந்ததால் வாய்ப்பூட்டும் கழன்றது. கோலப்பன் சாலையில் ஒவ்வொரு கடையாக ஏறி உண்மையைச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவரும் நம்பவில்லை. பகவதிகூடக் கண்ணாடி போட்ட கடிதத்தை இரண்டுமுறை படித்துவிட்டு, "குணமாயிட்டுன்னு எழுதல்லியே" என்றாள்.

ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் ஆள் இல்லாத நேரம், கோமதிநாயகம் கல்லாவை விட்டு இறங்கிவந்து அவர் பக்கத்தில் ஒரு குடத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார்.

"ஏ கோலப்பா. நீ போற டாக்டரு நல்லாப் பாக்குதாளா?"

"நான் போறது நடிக்க அண்ணாச்சி."

"சரிடே, சரி. பாக்குதாளா, சொல்லு." கோமதிநாயகம் குடத்தின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "பையன் கனடாவுக்குப் போனதுல இருந்து எனக்கு ஒரு மாதிரி இருக்கு. கடை திறக்கவே மனசு இல்ல. நீ வருவியேன்னுதான் திறக்கேன். யார்கிட்ட சொல்ல? நீ போறேன்னு தெரிஞ்ச பிறவுதான் நம்மளும் போலாம்னு தோணிச்சு."

கோலப்பன் தான் நோயாளி இல்லை என்பதை மறுபடி ஒருமுறை விளக்க வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். "பாக்குதா அண்ணாச்சி. ரொம்ப நல்லாப் பாக்குதா. நாளைக்கே போலாம்."

மறுநாள் இருவரும் போனார்கள். கோமதிநாயகம் உள்ளே நாற்பது நிமிடம் பேசினார். வெளியே வந்து, முகம் கழுவி, டீ குடிக்கலாமா என்று கேட்டார். அதற்குப் பிறகு தையல்காரர் வந்தார். மெதுவாக, காதோடு காதாக, இந்தத் தடவை எழுத்துக்கூட்டாமல் பேசினார். பிறகு பொன்செல்வி, மாமியாருக்குத் தெரியாமல். இப்போது மாதத்தில் ஒருநாளாவது கோலப்பன் யாரையாவது கூட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறார்.

நடிப்பையும் விடவில்லை. போன வருடம் டாக்டரம்மா அவருக்குப் புதிய வேஷம் கொடுத்தார். இது நேர்மாறான நோய். உறக்கமே தேவைப்படாத உற்சாகம், ஓயாத பேச்சு, கண்டதையெல்லாம் வாங்குவது, பாட்டு. கோலப்பன் மூன்று நாள் வீட்டில் ஒத்திகை பார்த்தார். நான்காம் நாள் காலை பகவதி டாக்டரம்மாவுக்கு போன் செய்து, "இந்த வேசம் வேண்டாம்மா. பரீட்சைக்கு வாற பிள்ளைகளு நோயக் கண்டுபிடிச்சிரும், இது வேசமா நெசமான்னு எனக்குத்தான் பிடி கிடைக்கல்ல. நேத்து மூணு தள்ளுவண்டி பலாப்பழம் வாங்கிட்டாரு" என்றாள்.

ஆகவே இப்போது கோலப்பனுக்கு மூட்டுவலி. வியாழக்கிழமைதோறும், ஏழு நிமிடம், இடது முழங்கால். நன்றாகவே செய்கிறார் என்று மாணவர்கள் சொல்கிறார்கள். பாத்திரத்தில் ஆழம் போதாது என்பது அவருடைய குறை.